பெரியவரின் கடைசிப் புட்டி

மாதத்தின் முதல் திங்கட்கிழமை, வேலை மணி அடித்ததும், முதலாளியம்மா எங்கள் எல்லோர் முன்னாலும் நின்று ஒரு கரண்டி மருந்து குடிப்பார். புட்டி கழுவுகிற பெண்கள், லேபிள் ஒட்டுகிறவர்கள், பெட்டி கட்டுகிறவர்கள், ஆய்வகத்திலிருந்து நான், எல்லோரும் பெரிய செப்புப் பாத்திரத்தைச் சுற்றி நிற்போம். புதிதாக வடித்த மருந்திலிருந்து வெள்ளிக் கரண்டியில் மொண்டு, முகத்தைச் சுளிக்காமல் விழுங்கிவிட்டு, "நான் குடிச்சாச்சு, இனிமே விக்கலாம்" என்பார். அவருடைய தாத்தா காலத்திலிருந்து வருகிற வழக்கம் அது. அந்த அம்மாள் பேசியதெல்லாம் ஜெர்மன்தான். இத்தனை வருஷம் கழித்து நினைத்துப் பார்க்கும்போது என் காதில் அது எங்கள் ஊர்ப் பேச்சாகத்தான் கேட்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் கணவருக்குக் கொலோன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி. எனக்கு மதராஸில் வாங்கிய எம்.எஸ்ஸி. வேதியியல் பட்டமும், ஒற்றை அறை வீட்டில் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேலையும். சேலை கட்டிக்கொண்டு போய் எத்தனையோ இடத்தில் வேலை கேட்டேன். எல்லோரும் மரியாதையாகப் பேசி மரியாதையாகவே அனுப்பிவைத்தார்கள். கடைசியில் ரைன் நதியோரம், ரயிலில் கொஞ்ச தூரத்தில், ஒரு சின்ன ஊரிலிருந்த மருந்து கம்பெனியில் எடுத்துக்கொண்டார்கள். மருந்து என்று நான்தான் மரியாதைக்குச் சொல்கிறேன். கசப்பு வேர், சோம்பு, ஆரஞ்சுத் தோல், இன்னும் சில இலைகள், எல்லாவற்றையும் சாராயத்தில் ஊறவைத்து வடித்த கசாயம் அது. வயிறு, ஈரல், நரம்பு, தூக்கம், சோர்ந்த இதயம், இவை அத்தனைக்கும் நல்லது என்று லேபிளில் போட்டிருந்தது. கால் ஆணிக்கு மட்டும்தான் போடவில்லை.

எனக்கு இந்த மாதிரி புட்டிகளைக் கண்டாலே ஆகாது. அதற்குக் காரணம் உண்டு. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது என் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சந்தையில் ஒலிபெருக்கி வைத்து விற்றவனிடம் என் அப்பா ஒரு புட்டி வாங்கி வந்தார். அப்பா படிக்காதவர் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். சகல ரோகத்துக்கும் நிவாரணி என்று அச்சில் போட்டிருந்ததை நம்பினார். வேளா வேளைக்குத் தவறாமல் கொடுத்தார். அக்கா கண்ணை மூடிய பிறகுதான் அது டைபாய்டு என்று மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னார். பாதி தீர்ந்த அந்தப் புட்டி வெகுநாள் எங்கள் அலமாரியில் கிடந்தது. தூக்கிப் போடவும் யாருக்கும் மனம் வரவில்லை, தொடவும் மனம் வரவில்லை.

அப்படிப்பட்ட நான் இங்கே வந்து ஒவ்வொரு பாத்திரத்திலும் சாராயம் சரியான அளவில் இருக்கிறதா, வேரில் கலப்படம் இருக்கிறதா என்று சோதித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். என் கணவருக்கு ஒரே சிரிப்பு. "பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். நல்ல போஸ்ட்தான் கிடைச்சிருக்கு உனக்கு" என்பார். நான் சட்டியை டங்கென்று அடுப்பில் வைப்பேன்.

அந்தக் கம்பெனியில் இன்னொரு தமிழர் இருந்தார். சிலோனிலிருந்து, யாழ்ப்பாணத்துக்காரர், படிக்க வந்து படிப்பு நடுவில் நின்றுபோய்ப் பெட்டி கட்டுகிற இடத்தில் வேலை பார்த்தார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். நீங்கள் இதைக் குடிப்பதுண்டா என்று முதல் நாளே கேட்டேன். "நான் குடிக்கிறேல்லை அக்கா. பெட்டி தூக்கி முதுகு நோகேக்க பூசுறனான். நல்ல சுகம்" என்றார். அந்தக் கசாயத்தைப் பற்றி நான் கேட்டதிலேயே நேர்மையான சான்று அதுதான்.

பெரியவர் குடியிருந்த ஆபீஸ் மாடியில் அவருக்கென்று ஒரு அறை இருந்தது. பெரியவர் என்றால் முதலாளியம்மாவின் தாத்தா, கம்பெனியைத் தொடங்கியவர். அவருடைய கைப்பெட்டி, மூங்கில் பிடி போட்ட தடி, முதுகில் புட்டி சுமந்த மரச்சட்டம், சுவர் நிறையப் படங்கள். கம்பெனிக்கு நூறு வயது நிறைகிற வருஷம் அது. இலையுதிர் காலத்தில் விழா. அந்த அறையைப் பொதுமக்கள் பார்க்கிற மாதிரி ஒழுங்குபடுத்துகிற வேலையில் என்னையும் சேர்த்துக்கொண்டார் முதலாளியம்மா. அறுபதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். நிமிர்ந்த முதுகு, சாம்பல் நிறக் கோட்டு, நறுக்கென்ற பேச்சு. தாத்தாவைப் பற்றிப் பேசும்போது மட்டும் குரல் குழையும்.

பெரியவர் ஒரு நாவிதரின் மகன். அந்தக் காலத்து ஜெர்மன் கிராமங்களிலும் நாவிதர்தான் பல் பிடுங்குவார், கட்டி கீறுவார், ரத்தம் எடுப்பார். இதைக் கேட்டதும், அட, நம் ஊர் மாதிரிதான் என்று எனக்கு அந்த மனிதர் சட்டென்று பக்கத்தில் வந்துவிட்டார். பையன் அப்பாவுக்குக் கிண்ணம் பிடிக்க வேண்டும். ரத்தத்தைக் கண்டால் அவனுக்கு மயக்கம் வரும். காலராவில் அம்மா கிடந்தபோது டாக்டர் வந்து, ஏற்கெனவே வற்றிப்போன உடம்பிலிருந்து ரத்தம் எடுத்தார், பாதரசம் கொடுத்தார். அம்மா அன்றே போய்விட்டாள். அன்றைக்கு அந்தப் பையன், வெட்டாத, கீறாத, வலிக்காத ஒரு மருந்து செய்வேன் என்று சொன்னானாம்.

நியாயமாகப் பார்த்தால், அந்தக் காலத்து டாக்டர் கொடுத்ததைவிட இவருடைய கசாயம் மேல். நோயைத் தீர்க்காது, ஆனால் ஆளையும் தீர்க்காது. சோதனைக் குழாயோடு வாழ்கிறவள் நான், எனக்கே இதை ஒத்துக்கொள்ளக் கொஞ்சம் நாளானது.

இளைஞனானதும் மரச்சட்டத்தில் புட்டிகளை அடுக்கி முதுகில் சுமந்துகொண்டு திராட்சைத் தோட்டம் தோட்டமாக நடந்திருக்கிறார். சந்தியில் நின்று, முதலில் தானே ஒரு கரண்டி குடித்துக் காட்டிவிட்டுத்தான் விற்பார். பிறகு பத்திரிகை விளம்பரம், ரயில் நிலையங்களில் தகரப் பலகை, பண்ணை வீடுகளுக்கு இலவச நாள்காட்டி. மருந்துக் கடைக்காரர்கள் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். கோர்ட்டில் அபராதம் விதித்தார்கள். மனிதர் அந்தத் தீர்ப்பையே அச்சடித்து, "இவ்வளவு பேர் பயப்படுகிற மருந்து" என்று தலைப்புக் கொடுத்து ஊர் முழுக்க ஒட்டிவிட்டார். படித்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் பழமொழி. இந்த ஆள் மூன்று தலைமுறைக்கு மருந்து ஊற்றியிருக்கிறார்.

வேலைக்காரர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார், பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டிருக்கிறார். எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரு சபதமும் செய்துவிட்டார். கோர்ட் வாசலில் கூட்டத்தைப் பார்த்து, "எந்த டாக்டரும் என் வீட்டு வாசலை மிதிக்க மாட்டான்" என்று சொன்னாராம். அதை நாள்காட்டியிலும் போட்டுவிட்டார். அச்சில் வந்த பிறகு திரும்ப எடுக்க முடியுமா.

அந்த அறையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில் பெரியவர் நாற்காலியில் சாய்ந்திருக்கிறார். கணுக்கால் இரண்டும் பானைபோல வீங்கி, செருப்பு நுழையாமல் துணி சுற்றியிருக்கிறது. இன்னொன்று ஒன்றிரண்டு வருஷம் பிந்தியது. நன்றாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். காலில் கச்சிதமான தோல் பூட்ஸ். மடியில் ஒரு சின்னப் பெண், அதுதான் முதலாளியம்மா.

"பாத்தீங்களா" என்றார் முதலாளியம்மா. "ஊரே இவர் போயிடுவார்னு சொல்லிச்சு. மூச்சு விட முடியல, படுக்க முடியல. தாத்தா நம்ம மருந்தை மட்டும் எடுத்துக்கிட்டு எழுந்து நடந்தார். எனக்கே ஞாபகம் இருக்கு. மத்தவங்கல்லாம் கரண்டியால குடிப்பாங்க. தாத்தா மட்டும் சத்தமா எண்ணிக்கிட்டே தண்ணியில சொட்டு விட்டுக் குடிப்பார். அவர் உடம்புலதான் ஏற்கெனவே மருந்து ஊறிக் கிடந்ததே, அதனால அவருக்குச் சொட்டே போதும்."

இந்தக் கதையைத்தான் கம்பெனி அரை நூற்றாண்டுக்கு மேல் நாள்காட்டியில் அச்சடித்து வந்தது. விழாவுக்கும் அதுதான் மையம். அவர் கட்டிலருகே இருந்த கடைசிப் புட்டி, மெழுகு வைத்து மூடி, கண்ணாடிப் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

அந்த வசந்தத்தில்தான் எனக்கு நாள் தள்ளிப்போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. கொலோனில் ஒரு பெண்கள் டாக்டரிடம் டெர்மின், அதாவது பார்க்கிற நேரம், முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போனேன். காத்திருக்கும் அறையில் மூலை நாற்காலியில் ஒருவர் தலையில் ஸ்கார்ஃப் கட்டி, வெயிலே இல்லாத நாளில் கறுப்புக் கண்ணாடி போட்டு, பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தார். சாம்பல் கோட்டு. நான் எழுந்து போய் வணக்கம் சொன்னேன். "நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது" என்று பத்திரிகைக்குள்ளிருந்து பதில் வந்தது. குரல் முதலாளியம்மாவுடையது. சரி, போகட்டும் என்று நான் திரும்பி என் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

வெளியே வந்தபோது தெருமுனையில் நின்றுகொண்டிருந்தார். ஒரு காப்பிக் கடைக்கு அழைத்துப் போனார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண் சிவந்திருந்தது.

"எங்க குடும்பத்துல யாருக்கும் உடம்புக்கு வராது" என்றார். "பிரயாணம்தான் வரும். எங்கப்பாவுக்குக் குடலிறக்கம் ஆப்பரேஷன் பெல்ஜியத்துல நடந்தது. வேட்டைக்குப் போயிருக்கார்னு ஊர்ல சொன்னோம். அத்தைக்குப் பித்தப்பையில கல்லு. அது தீர்த்தயாத்திரை. கசாயம் விக்கிறவன் டாக்டர் வீட்டு வாசல்ல நின்னா, கசாயத்தை யார் வாங்குவா?"

"உங்களுக்கு என்ன பிரயாணம்?" என்று கேட்டேன்.

அவர் கை தன்னையறியாமல் மார்புக்குப் போனது. கட்டி. உடனே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாதத்துக்கு முன்னாலேயே சொல்லிவிட்டாராம். இன்றைக்கு இரண்டாவது தடவை வந்து, இலையுதிர் காலம் வரை தள்ளிப்போட முடியுமா என்று கேட்டிருக்கிறார். டாக்டர் கோபித்துக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாராம்.

"விழா முடியட்டும். அப்புறம் ஸ்விட்சர்லாந்துக்குப் பிரயாணம் போறேன். அதுவரைக்கும் நம்ம மருந்தையே கொஞ்சம் கூட்டிக் குடிக்கிறேன். தாத்தா எழுந்து நடக்கலையா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எங்கே இருக்கிறோம், யாரிடம் பேசுகிறோம் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. "அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். மாசாமாசம் சோதிக்கிறவ நான். வேரும் சோம்பும் சாராயமும்தான். உங்க கட்டிக்கு அது தண்ணி தெளிச்ச மாதிரிகூட ஆகாது. விழாவுல நின்னு கரண்டி பிடிக்க நீங்க இருக்கணும் முதல்ல" என்றேன். என் அக்காவைப் பற்றியும் சொன்னேன். சொல்லிக்கொண்டே வரும்போது குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "உங்களுக்கு நம்பிக்கை இல்ல, அவ்வளவுதான். தாத்தாவோட கடைசிப் புட்டியைத் திறந்து சோதிங்க. இன்னைக்கு நாம விக்கிறதும் அதுவும் ஒண்ணுதான்னு ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடுங்க. விழாவுல ரெண்டையும் பக்கத்துல வைக்கணும். அப்பவாவது நம்புவீங்க" என்றார். யாரிடமும் எதையும் சொல்லக் கூடாது என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்.

நான் சொல்லவில்லை. ஆனால் ஊருக்கு மூக்கு உண்டு. இரண்டு நாள் கழித்து யாழ்ப்பாணத்துக்காரர் ஆய்வகத்துக்குள் எட்டிப் பார்த்தார். "அக்கா, முதலாளியம்மா மெலிஞ்சு போனா. சுகமில்லையோ?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். "அவவுக்கு ஏதும் எண்டால் கொம்பனியை மூடிப்போடுவினம். எனக்கு வேற இடத்தில வேலை எடுக்க ஏலாது, விசாவும் தரமாட்டாங்கள். கடவுளே எண்டு அவ நல்லா இருக்க வேணும்" என்றார். அவர் பயம் அவருக்கு.

கண்ணாடிப் பெட்டியிலிருந்து புட்டியை எடுத்துவந்து மெழுகை உடைத்தேன். மூடியைத் திறந்ததுமே எனக்கு உறுத்தியது. சோம்பு வாசனை இல்லை. சோம்பு அவ்வளவு சுலபத்தில் போகிற வாசனை அல்ல. அதே காலத்து எங்கள் கசாயப் புட்டிகள் வேறு சில பெரியவர் அறையில் இருந்தன, அவற்றிலெல்லாம் இன்னும் லேசாக அடித்தது. இதில் காய்ந்த இலை நாற்றம். புட்டி எங்கள் புட்டி, லேபிள் எங்கள் லேபிள், உள்ளே வேறு ஏதோ.

சொட்டு விட்டுக் குடிப்பார் என்று முதலாளியம்மா சொன்னது அப்போதுதான் தலையில் அடித்தது. வீங்கிய கால், மூச்சு முட்டல், படுக்க முடியாமை, இவை இதயம் பலவீனமானவருக்கு வருவது. அதற்கு அந்தக் காலத்து டாக்டர்களிடம் ஒரு நல்ல மருந்து இருந்தது. டிஜிடாலிஸ், ஊதா நிறப் பூப் பூக்கிற ஒரு செடியின் இலை. அதையும் சாராயத்தில்தான் ஊறவைப்பார்கள். ஆனால் கரண்டியில் குடித்தால் ஆள் காலி, சொட்டு எண்ணித்தான் கொடுக்க வேண்டும்.

அதற்கென்று ஒரு சோதனை உண்டு. அசிட்டிக் அமிலமும் கொஞ்சம் இரும்பு உப்பும் சேர்த்து, குழாயின் அடியில் கந்தக அமிலத்தை மெதுவாக இறக்க வேண்டும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் செம்பழுப்பு வளையம் கட்டும். மேலே நீலப்பச்சை ஏறும். கட்டியது, ஏறியது. பக்கத்தில் எங்கள் கசாயத்தை வைத்தும் செய்து பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "ஊருக்குத்தான் உபதேசம்னு சொல்வாங்களே, அது இதுதான்" என்று குதித்தேன். அவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமல், "இன்னொரு தடவை ரிப்பீட் பண்ணு. ஒரே ஒரு ரிசல்ட்ட நம்பி அந்தம்மா தலையில கல்லைப் போடாத" என்றார். மறுநாள் திரும்பச் செய்தேன். வளையம் திரும்பவும் கட்டியது.

முதலாளியம்மா பெரியவர் அறையில் படங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்தினேன்.

"சர்டிபிகேட் எழுத முடியாது. இதுல இருக்கிறது நம்ம மருந்து இல்ல" என்றேன்.

"பழசாயிருக்கும்."

"பழசானா கெட்டுப்போகும். இன்னொண்ணா மாறாது." இரண்டு படங்களையும் காட்டினேன். துணி சுற்றிய கால், பூட்ஸ் போட்ட கால். சொட்டு எண்ணிக் குடித்ததைச் சொன்னேன். டிஜிடாலிஸ் என்ன செய்யும் என்பதைச் சொன்னேன். "உங்க தாத்தா டாக்டர் மருந்தைத்தான் குடிச்சிருக்கார். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு நம்ம புட்டியில ஊத்தி வெச்சுக் குடிச்சிருக்கார்."

அவர் துடைக்கிற துணியைக் கீழே வைத்தார். முகம் வெளுத்துவிட்டது. "பொய்" என்றார். "இந்த வாசலை ஒரு டாக்டரும் மிதிச்சதில்ல. எங்கப்பா சத்தியமா சொல்வார். யாரு கொண்டுவந்து குடுத்திருப்பா? சொல்லுங்க, யாரு?"

அது எனக்கு எப்படித் தெரியும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே முற்றத்தில் பழைய குதிரை லாயம், இப்போது பெட்டி அடுக்குகிற இடம். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குதிரை டாக்டர்" என்றார் மெதுவாக.

"யாரு?"

"வியாழக்கிழமைல குதிரை டாக்டர் வருவார். அவர் மனுஷ டாக்டர் இல்லையே, அதனால வாசல்ல வரலாம். குதிரையைப் பாத்துட்டு மாடிக்கு வருவார். எனக்குச் சர்க்கரைக் கட்டி குடுப்பார். தாத்தா சட்டையைத் திறந்து வெச்சிருப்பார். அவர் தாத்தா நெஞ்சுல காதை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இருப்பார். தாத்தா அவருக்கு ரகசியம் சொல்றார்னு நினைச்சிருந்தேன்." லாயத்தைக் கையால் காட்டினார். "அப்புறம் மோட்டார் வாங்கினோம். குதிரையெல்லாம் வித்தாச்சு. லாயம் காலி. அப்பவும் வியாழக்கிழமை தவறாம குதிரை டாக்டர் வந்துக்கிட்டுத்தான் இருந்தார்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்த அம்மாள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். எங்கே சிரிப்பு நின்று அழுகை தொடங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்போ எல்லாம் ஏமாத்தா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் வெகுநாளாகத் தயாராக வைத்திருந்த பதில் ஒன்று உண்டு. என் அக்கா இறந்த நாளிலிருந்து வைத்திருந்தது. ஆனால் அந்தப் படத்தில், பூட்ஸ் போட்ட கிழவரின் மடியில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. "உயிரோட இருக்க ஆசைப்பட்டிருக்கார். உங்களை மடியில வெச்சுக்க ஆசைப்பட்டிருக்கார். அதை ஏமாத்துன்னு நான் சொல்லமாட்டேன்" என்றேன். "ஆனா எழுந்து நடந்ததும் அதை நாள்காட்டியில போட்டார் பாருங்க, அது தப்பு. எங்கேயோ ஒரு பண்ணை வீட்டுல கால் வீங்கின ஒருத்தர் அதைப் படிச்சிருப்பார். நம்ம கசாயத்தைக் கரண்டி கரண்டியா குடிச்சுட்டு, எப்போ எழுந்து நடப்போம்னு காத்துக்கிட்டே இருந்திருப்பார். அவருக்குக் குதிரை டாக்டர் வரலையே."

அவர் என் வயிற்றைப் பார்த்தார். அப்போது லேசாகத் தெரியத் தொடங்கியிருந்தது. பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். ஆபீஸ் கதவு திறந்தே இருந்தது. உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தன் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாகச் சொல்லி, டெர்மின் கேட்டார். கணக்குப் பார்க்கிற பெண்மணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

கொலோனுக்குப் போயிருக்கலாம், ஸ்விட்சர்லாந்துக்கே போயிருக்கலாம். உள்ளூரிலேயே போவேன் என்று பிடிவாதம். அதுவும் தன் காரில் இல்லை, பக்கத்தில் பெரிய புட்டி வரைந்து கொட்டை எழுத்தில் கம்பெனி பெயர் போட்ட வேனில். யாழ்ப்பாணத்துக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார். "அக்கா, ஊர் முழுக்கப் பாக்கப் போகுது. நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ, காரில போகட்டும்" என்றார்.

"பாக்கட்டும். அதுக்குத்தான் வேன்" என்றேன்.

"என்னவோ, எனக்கு நெஞ்சு பதறுது" என்றார். ஆனால் வேனில் ஏறி முதலாளியம்மா பக்கத்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததும் அவர்தான். கடைத்தெரு வழியாக, ரொட்டிக் கடை வாசலில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்க, வேன் ஆஸ்பத்திரி முன்வாசலில் போய் நின்றது.

கட்டியை எடுத்தார்கள், மார்பையும் எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றாராம் டாக்டர். நான் பார்க்கப் போனபோது வெள்ளைத் தலையணையில் சின்னதாகத் தெரிந்தார். "பசிக்கவே இல்ல. நம்ம மருந்து ஒரு கரண்டி கொண்டுவாங்களேன், அதுக்கு மட்டும் அது நல்லா வேலை செய்யும்" என்றார். நர்ஸ் விடவில்லை.

விற்பனை விழுந்தது உண்மை. சில கடைகள் புட்டிகளைத் திருப்பி அனுப்பின. அவர் அசரவில்லை. மருந்துகளுக்குப் புதிய கெடுபிடிகள் வரப்போகின்றன என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலம். யாரும் கேட்பதற்கு முன்பே லேபிளில் பசிக்கு நல்லது என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அடித்தார். கம்பெனி சிறுத்தது, ஆனால் மூடவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர் வேலையில் இருந்தார். முதலாளியம்மாவும் அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தார்.

இலையுதிர் காலத்தில் விழா நடந்தது. எனக்கு நிறைமாதம், நாற்காலி போட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். முதலாளியம்மா செப்புப் பாத்திரத்தின் முன்னால் வந்து நின்றார். வலது கையை மேலே தூக்க முடியவில்லை. இடது கையால் கரண்டியைப் பிடித்தார். பழக்கமில்லாத கை, கொஞ்சம் கோட்டில் சிந்தியது. மீதியை விழுங்கினார். "நான் குடிச்சாச்சு. இனிமே விக்கலாம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "இது பசிக்கு. மத்ததுக்கு டாக்டர்கிட்ட போங்க. நான் போனேன்" என்றார். புட்டி கழுவுகிற பெண்கள்தான் முதலில் தட்டினார்கள்.

பிறகு மாடி அறையைத் திறந்தார்கள். கூட்டம் குறையட்டும் என்று காத்திருந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினேன். மரச்சட்டம், தடி, நாள்காட்டிகள், படங்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் புட்டி, திரும்ப மெழுகு வைத்து மூடியிருந்தது. கீழே ஒரு அட்டை. முதலாளியம்மாவின் கையெழுத்து, இடது கையால் எழுதியது, கோணல்மாணலாக இருந்தது.

"நிறுவனரின் கடைசிப் புட்டி. உள்ளே இருப்பது எங்கள் மருந்து அல்ல."

நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீட்டு அலமாரியில் பாதி தீர்ந்து கிடந்த புட்டி ஞாபகத்துக்கு வந்தது. அதிலும் அழகான லேபிள் இருந்தது. அப்பா ஒவ்வொரு வேளையும் அதை வெளிச்சத்தில் பிடித்து, அளவு பார்த்து, அக்காவுக்கு ஊற்றினார். அந்தப் புட்டிக்குள் யாரும் டாக்டர் மருந்தை மாற்றி ஊற்றவில்லை. லேபிளில் போட்டிருந்ததேதான் உள்ளே இருந்தது.

யாழ்ப்பாணத்துக்காரர் பின்னால் வந்து நின்றார். "ஏன் அக்கா அழுறியள்? இந்த நேரத்தில அழக் கூடாது. இருங்கோ, கதிரை கொண்டுவாறன்" என்று நாற்காலி எடுக்க வெளியே ஓடினார்.